மூன்றாம் இடத்தின் பெயர்

கிறேஸ் எழுதிய ஆய்வேட்டை அவளுடைய மேற்பார்வையாளரையும் பரீட்சகர்களையும் தவிர வேறெவரும் வாசித்ததில்லை. கறுப்பு மட்டை கட்டி, முதுகில் பொன்னெழுத்தில் பெயர் பொறித்து, பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் அதை வைத்திருந்தார்கள். அலுமாரி எப்போதும் பூட்டியிருக்கும், அதன் திறப்பு வேறோர் அறையில் இருந்தது. பட்டம் பெற்ற புதிதில் யாழ்ப்பாணம் போகிற நேரமெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவாள். பிறகு அதுவும் விட்டுப் போயிற்று.

அவள் ஊர்காவற்றுறைக் கரையில் பிறந்தவள். தகப்பன் கிறிஸ்தோப்பர் கடலுக்குள் தடி நட்டுக் களங்கட்டி வலை போட்டு இறால் பிடித்தவர். பிள்ளைகள் இருவரில் கிறேஸ் படித்தாள். தம்பி டிலோன் தகப்பனோடு கடலுக்குப் போனான். படித்தவளும் கடைசியில் ஆராயப் புறப்பட்டது அந்தக் கடலைத்தான். இடுப்பளவு தண்ணீரில் வளரும் கடற்புல்லுக்குள் இறாலும் மீனும் குஞ்சாக இருக்கையில் எவ்வளவு காலம் தங்குகின்றன, எந்த வழியால் வந்து போகின்றன என்று பார்ப்பது அவள் வேலை. வெளிநாட்டுச் சாப்பாட்டு மேசைகளுக்குப் போகும் கடலட்டைக்கான பண்ணைகள் அந்தப் பக்கம் வரத் தொடங்கிய காலம் அது. ஆழமில்லாத கடலில் தடி நட்டு, சுற்றிவர வலை அடைத்து, உள்ளே அட்டைக் குஞ்சு விட்டு வளர்ப்பார்கள்.

டிலோன்தான் அவளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவான். அவள் தண்ணீருக்குள் இறங்கிப் புல்லை எண்ணுவாள். அவன் சின்னக் கண் வலையை இழுத்துக் குஞ்சுகளை வாளிக்குள் போடுவான். வலை அடைத்த இடத்தில் நீரோட்டம் தடைப்பட்டுச் சேறு படிவதையும், புல் அழுகுவதையும், குஞ்சுகள் குறைவதையும் இருவருமாகத்தான் கண்டார்கள். தெரிந்தெடுத்த நான்கு இடங்களில் மூன்றாவதுதான் முக்கியமென்று அவள் முடிவு எழுதினாள். ஆழக்கடலிலிருந்து குஞ்சுகள் கரைக்கு ஏறிவரும் வழி அது. அங்கே அப்போது வேலி ஏதும் இல்லை. அதை அடைத்தால் அந்தக் கரை முழுவதுமே இறால் அற்றுப்போகும் என்று எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதிய ஏட்டில் அந்த வழிக்குப் பெயர் கிடையாது. இலக்கம் மூன்று, அவ்வளவுதான். ஊர்ச்சனம் அதை மாதா ஓடை என்று சொல்லும்.

பட்டம் கிடைத்தபின் பல்கலைக்கழகத்தில் சில காலம் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்தாள். நிரந்தர இடம் வருமென்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். அரச ஆசிரியர் நியமனம் வந்தபோது ஏற்றுக்கொண்டாள். நயினாதீவுப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தாள். காலையில் பஸ் ஏறி, புங்குடுதீவைக் கடந்து, குறிகட்டுவானில் படகு பிடித்துப் போய், பின்னேரம் அதே வழியால் திரும்புவாள். தீவில் தங்கினால் இந்த அலைச்சல் இல்லை. ஆனால் தகப்பன் செத்து ஒரு வருடத்துக்குள் தாய் செபஸ்தியம்மாவைப் பாரிசவாதம் விழுத்திவிட்டது. தாயைக் கழுவித் துடைக்கவும் புரட்டிப் படுக்க வைக்கவும் கிறேஸ் வேண்டும். டிலோனின் மனைவி கிறிஸ்ரினா பகலில் பார்த்துக்கொள்வாள். விடியலும் இரவும் கிறேஸின் முறை. இப்படியே அவளுக்கு முப்பத்தைந்து கடந்தது. கலியாணப் பேச்சை வீட்டில் எடுப்பவர்களும் இல்லாமற் போனார்கள்.

தகப்பனுக்குப் பிறகு களங்கட்டியில் ஒன்றும் விழவில்லை என்று டிலோனும் அட்டைப் பண்ணை போட்டான். கம்பனி குஞ்சு கொடுக்கும், வலை கொடுக்கும். வளர்ந்த அட்டையைக் கம்பனிக்கு மட்டுமே விற்க வேண்டும். தவணைக்கு முன்பு விட்டால் வாங்கினதெல்லாம் திருப்ப வேண்டும். இடத்தையும் கம்பனியே படத்தைப் பார்த்துக் குறித்தது. எங்கே என்று அவன் சொன்னபோது கிறேஸ் தாய்க்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள்.

"அது ஓடையெல்லோ தம்பி" என்றாள்.

"மிச்சமெல்லாம் ஆக்கள் பிடிச்சிட்டினம் அக்கா. எனக்கெண்டு விட்டது அதுதான்" என்றான்.

அவள் அடுத்த கரண்டிக் கஞ்சியைத் தாயின் வாயில் வைத்தாள். அந்த வீட்டுக் குசினியில் அடுப்பெரிவது பெரும்பாலும் அவன் உழைப்பில் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் நூலகத்திலிருந்து நிருஜா போன் எடுத்தாள். நிருஜா அங்கே மின்னூலகப் பகுதியைப் பார்ப்பவள், படித்த காலத்திலிருந்தே கிறேஸை அக்கா என்று கூப்பிடுபவள். இதுவரை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆய்வேடுகளைத் தன் கணினியில் தானே வைத்திருந்தது. சிறிய இடங்களில் அந்தக் கணினி பழுதாகும், பார்க்க ஆளிருக்காது, ஏற்றின கோப்புகள் காணாமற் போகும். இனி நாட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே களஞ்சியம் என்று நிருஜா விளக்கினாள். ஒவ்வொரு ஏட்டுக்கும் மாறாத இலக்கம் ஒன்று கொடுப்பார்கள். பிரதிகள் வெவ்வேறு ஊர்களில் இருக்கும். ஒரு முறை ஏறினால் அழியாது. கிறேஸின் ஏட்டையும் ஏற்றப் போகிறார்கள். சம்மதம் வேண்டும். அதோடு சுருக்கம் மூன்று மொழியிலும் வேண்டும்.

"சிங்களத்துக்கு இஞ்சை ஆள் இருக்கு. தமிழை நீங்களே எழுதித் தாங்கோ அக்கா" என்றாள்.

படகில் வரும்போதும் போகும்போதும் கிறேஸ் அதை எழுதினாள். நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிந்தது தமிழில் ஒரு வரி கேட்டது. ஆனால் எழுத எழுத அவளுக்குப் பழைய ஆசை ஒன்று திரும்பி வந்தது. இதை வாசிக்கப் போகிறவன் பரீட்சகன் அல்ல, கரையில் கிழிந்த வலை பொத்துகிற ஒருவனாகவும் இருக்கலாம். அவனுக்கு விளங்க வேண்டும். புல்லுக்கும் குஞ்சுக்கும் ஊரில் வழங்கும் பெயர்களைப் போட்டாள். மூன்றாம் இடம் வந்ததும் பேனை நின்றது. 'இலக்கம் மூன்று' என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? டிலோனின் வேலி நினைவுக்கு வரத்தான் செய்தது. அவன் வேலி போட முன்பே கண்டு எழுதிய உண்மைதானே, யார் போய்த் தேடி வாசிக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு 'மாதா ஓடை' என்று எழுதினாள். 'மாதா ஓடையை எக்காரணம் கொண்டும் அடைக்கக்கூடாது' என்று வசனத்தை முடித்தபோது படகு குறிகட்டுவானில் முட்டியது.

ஏடு களஞ்சியத்தில் ஏறிய அன்று நிருஜா இணைப்பை அனுப்பினாள். கிறேஸ் போனில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். முதலாவதாக வந்தது. கண்ணாடி அலுமாரியில் இருந்ததை இனி எவரும் எங்கிருந்தும் எடுக்கலாம். பாடசாலையில் கூடப் படிப்பிப்பவர்களுக்குக் காட்டினாள். வீட்டில் தாய்க்குக் காட்டினாள். தாய் வாய் கோணிச் சிரித்தாள். தம்பிக்கும் கிறிஸ்ரினாவுக்கும் மட்டும் காட்டவில்லை.

பண்ணை அனுமதிகளைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது கடற்றொழிலாளர் சங்கம் எதிர்த்து எழும்பியது. இறால் இல்லை, நண்டு இல்லை, கரையில் நடந்து மட்டி பொறுக்கும் பெண்களுக்கும் வழியில்லை என்று சொன்னார்கள். சங்கத் தலைவர் அருளப்பு, கிறிஸ்தோப்பரோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர். அவருடைய மகள் ஜேர்மனியில் இருந்தாள். ஊர் ஓடையின் பெயரைச் சும்மா தட்டித் தேடியபோது அவளுக்குக் கிறேஸின் சுருக்கம் வந்து விழுந்தது. ஏட்டின் முன்பக்கத்து நன்றியுரையையும் தமிழில் எழுதிச் சேர்த்துத் தகப்பனுக்கு அனுப்பினாள். அருளப்பு அதை அச்செடுத்து, கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் எழும்பி நின்று வரி வரியாக வாசித்தார். இது வெளியார் எவரும் சொன்னதல்ல, எங்கள் கிறிஸ்தோப்பரின் மகள் படித்து எழுதினது, அரசாங்கமே இலக்கம் போட்டு வைத்திருக்கிறது என்றார். சனம் கைதட்டியது. பின்வரிசையில் டிலோன் இருந்தான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது கத்துவான் என்று கிறேஸ் நினைத்தாள். அவன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் இருந்தான்.

"அக்கா, உனக்கு வலை இழுத்தது நான். அந்தப் புத்தகத்திலை எனக்கு நன்றி சொல்லிக் கிடக்காம். அருளப்பு அதையும் சேத்துத்தான் வாசிச்சவர்."

அவள் தலை குனிந்திருந்தாள்.

"நான் உன்னைப் பிழை சொல்ல வரேல்லை. நீதானே ஏத்தினாய், நீயே இறக்கிவிடு."

கிறிஸ்ரினா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து கிறேஸின் சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு மூடி வைத்துவிட்டு அப்பால் போய்விடுவாள். மாமியாரை மட்டும் முன்பு போலவே பார்த்தாள். அது கிறேஸுக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

விடுமுறை ஒன்றில் அவள் பல்கலைக்கழகம் போனாள். நிருஜா தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டாள். கேட்ட பிறகு கணினியைக் கிறேஸின் பக்கம் திருப்பினாள்.

"முந்தியெண்டால் இதிலை ஒரு பட்டனை அமத்தி நானே எடுத்திருப்பன் அக்கா. இப்ப இது எங்கடை கையிலை இல்லை. நாங்கள் குழுவுக்குக் குடுக்க வேணும், குழு மத்திய நிலையத்துக்குக் குடுக்க வேணும். அவையளும் முழுசா எடுக்க மாட்டினம். இலக்கம் நிக்கும், தலைப்பு நிக்கும், சுருக்கமும் நிக்கும்."

"சுருக்கம்தான் பிரச்சினை, நிருஜா."

நிருஜா யோசித்துவிட்டு இரண்டு வழி இருக்கிறதென்றாள். ஒன்று, ஆய்வின் முடிவுகள் பிழை என்று கிறேஸே எழுதிக் கொடுப்பது. அப்போது சுருக்கம் உட்பட எல்லாம் போய், ஆசிரியர் மீளப்பெற்றார் என்ற ஒரு வரி மட்டும் அந்த இலக்கத்தில் என்றைக்கும் இருக்கும். மற்றது, இந்த ஆய்வை வைத்துக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொல்லிப் பூட்டச் சொல்வது. அப்படியென்றால் ஏட்டின் உட்பகுதியை இரண்டு வருடத்துக்கு எவரும் திறக்க முடியாது, அலுமாரியில் இருக்கும் பிரதியையும் கொடுக்க மாட்டார்கள். சுருக்கம் மட்டும் வெளியே நிற்கும்.

தன் முடிவுகள் பிழை என்று கையெழுத்துப் போட அவளால் இயலவில்லை. அந்தச் சேற்றுக்குள் கால் புதையப் புதைய நின்று எண்ணியவள் அவள். ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குத் திரும்பிப் போகவும் இயலவில்லை. இரண்டாவதைக் கேட்டாள். எழுதுவதற்குக் கட்டுரை ஏதும் அவளிடம் இல்லை. நிருஜாவுக்கும் அது தெரியும். அவள் கேட்கவில்லை.

பூட்டு விழுந்தது. டிலோன் போனில் பார்த்தான். மாதா ஓடை என்ற பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இதுக்கே போய் வந்தனி?" என்று மட்டும் கேட்டான்.

அருளப்பு அவளைக் குறிகட்டுவானில் பிடித்தார். பின்னேரப் படகால் இறங்கி அவள் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தாள். அவர் மீன் பெட்டி ஒன்றை ஏற்றிவிட வந்தவர் போல நின்றார். உண்மையில் அவளுக்காகவே வந்திருந்தார். அனுமதி பற்றிய விசாரணைக்கு முழு ஏட்டையும் கொண்டுவரச் சொல்லிக் கடற்றொழில் கந்தோரில் கேட்டிருக்கிறார்கள். மகள் திறந்து பார்த்தபோது, ஆசிரியரின் வேண்டுகோளால் மூடப்பட்டுள்ளது என்று வந்திருக்கிறது.

"நீர் பூட்டினீரோ பிள்ளை?"

"ஓம்."

"கம்பனி சொல்லியோ?"

"இல்லை. சத்தியமா இல்லை."

அவர் தலையாட்டினார். அவளிடம் பிரதி இருக்கும்தானே என்றார். அவள் இருக்கிறதென்றாள். தருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. டிலோனின் முகமும் கிறிஸ்ரினா மூடி வைக்கும் கோப்பையும் நினைவில் வந்தன. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னாள். அருளப்பு அவளை அவமதிக்கவில்லை. அவளுடைய தகப்பன் நல்ல மனிசன் என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸில் அவளுக்கு இருக்க இடம் கிடைத்தும் இருக்கத் தோன்றவில்லை. வேலணை வரும் வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி வந்தாள்.

ஊரில் கதை இரண்டாகப் பிரிந்தது. கிறேஸ் கம்பனிக்கு விலைபோய்விட்டாள் என்றது சங்கப் பக்கம். சொந்தத் தம்பியின் வயிற்றில் அடித்தவள் என்றது பண்ணைக்காரர் பக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் இரண்டு பக்கத்துப் பெண்களும் அவளுக்குக் கை கொடுக்காமல் முன்னால் பார்த்தார்கள். நயினாதீவில் ஓர் அறை எடுத்து அங்கேயே இருந்துவிடலாமா என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து தாயின் ஈரச் சீலையை மாற்றும்போது அந்த நினைப்பு போய்விடும். இந்தத் தாயை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

விசாரணைக்கு அவளையும் கூப்பிட்டார்கள். நீண்ட மேசை. ஒரு பக்கம் அருளப்புவும் சங்கத்தவர்களும், மறுபக்கம் கம்பனியின் சட்டத்தரணியும் பண்ணைக்காரர்களும் இருந்தார்கள். டிலோன் ஒரு மூலையில் இருந்தான். எந்தப் பக்கக் கதிரையில் இருப்பதென்று தெரியாமல் கிறேஸ் வாசலருகே நின்றாள். அதிகாரி மரியாதையான மனிதர். சுருக்கத்தைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, இது நீங்கள் எழுதினதா, இப்போதும் இதை ஏற்கிறீர்களா என்று கேட்டார்.

அந்த அறையில் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். டிலோன் மட்டும் நிலத்தைப் பார்த்தான்.

"நான்தான் எழுதினனான் சேர். அளந்துதான் எழுதினனான். அது சரி."

"அப்படியென்றால் ஏன் மூடினீர்கள்?"

அவள் பார்வை டிலோன் இருந்த மூலைக்குப் போனது. அதிகாரி வற்புறுத்தவில்லை. கம்பனிச் சட்டத்தரணி எழும்பி, இது பழைய ஆய்வு, இன்றைய நிலை இதில் இல்லை என்றார். அதுவும் உண்மைதான். வேலி வந்த பிறகு அவள் அந்த ஓடையை அளக்கவில்லை. புதிய ஆய்வு வரும்வரை இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும், ஒருவரும் புதிதாக அடைக்கவும் கூடாது, அடைத்ததைப் பிடுங்கவும் கூடாது என்று அதிகாரி முடித்தார். புதிய ஆய்வை யார் செய்வது என்ற கேள்விக்கு அந்தக் கடலைத் தெரிந்தவள் என்று அவள் பெயரைத்தான் ஒருவர் சொன்னார். தம்பியின் பண்ணை அது, அவள் செய்யக்கூடாது என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயம். பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்கள். ஆளில்லை என்று பதில் வந்தது.

விசாரணை முடிந்த கிழமை கிறேஸ் நிருஜாவுக்குப் போன் எடுத்துப் பூட்டைத் திறக்கச் சொன்னாள். நிருஜா விசாரித்துவிட்டுத் திருப்பி எடுத்தாள். கட்டுரைக்கென்று மூடியதை இடையில் திறக்கக் கட்டுரையைக் காட்ட வேண்டும். கட்டுரை இல்லையென்றால் சொன்ன காரணம் பொய் என்றாகிவிடும். அது குழுவுக்குப் போகும், கிறேஸின் பட்டத்தைப் பற்றியும் கேள்வி வரும்.

"தவணை முடியுமட்டும் பேசாமல் இருங்கோ அக்கா" என்றாள் நிருஜா. அவளுடைய குரலில் கவலை இருந்தது.

கிறேஸ் தன்னிடமிருந்த பிரதியைத் தானே அருளப்புவிடம் கொண்டு போனாள். அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். வாங்கவில்லை.

"இப்ப தந்து என்ன பிள்ளை? விசாரணை முடிஞ்சுது. இனி இலக்கத்தோடை வாறதைத்தான் கந்தோர் எடுக்கும். நீர் கையாலை தந்தால், நீர் மாத்தி எழுதினதெண்டு கம்பனிக்காரன் சொல்லுவான்."

மழைக்காலம் வந்தது. டிலோனின் பண்ணையில் அட்டைகள் வளரவில்லை. சில வெளுத்து மிதந்தன. இதைக் கிறிஸ்ரினா யாரோடோ போனில் அழுது சொன்னபோதுதான் கிறேஸுக்குத் தெரியவந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, டிலோன் அவளுடைய அறை வாசலில் நின்றான்.

"அந்தப் புத்தகம் உன்ர கொம்பியூட்டரிலை இருக்கோ?"

இருக்கிறதென்றாள்.

"உள்ளுக்கை என்ன எழுதியிருக்கெண்டு சொல்லு."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். அவன் தாயின் கட்டில் விளிம்பில் இருந்தான். ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். முதலாம் இடத்தில் வேலி போட்டு எத்தனை மழைக்குப் பிறகு சேறு ஏறியது, புல் எந்தப் பக்கத்திலிருந்து அழுகத் தொடங்கியது, மூன்றாம் இடத்தில் ஓட்டம் எவ்வளவு வேகம், அதை மறித்தால் என்ன நடக்கும். ஒரு படத்தில் வாளியோடு நின்றது அவனேதான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இப்ப அங்கை சேத்துக்கை எனக்கு முழங்காலுக்கு மேலை தாழுது" என்றான். "ஒரு மணமும் வருது."

"அழுகின புல்லு மணம்."

"ஏன் அக்கா நீ அண்டைக்குப் பலமாச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ விட்டிருப்பியோ?"

தெரியாது என்றான். பிறகு, இப்போது விட நினைத்தாலும் ஏலாது, கம்பனியும் விடாது, பிடுங்கக்கூடாதென்று கந்தோரும் சொல்லியிருக்கிறது என்றான். அவள் ஓம் என்றாள். அக்காவும் தம்பியும் அவ்வளவு நேரம் ஒன்றாக இருந்து நெடுநாளாயிற்று. அதுவும் இருவருக்கும் ஆறுதலாக இருக்கவில்லை.

பண்ணைக் காவலுக்கு அவனுடைய முறை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்குப் போனான். கிறிஸ்ரினா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, தேத்தண்ணி போடட்டோ மச்சாள் என்று கேட்டாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் நேரே கேட்ட முதற்கேள்வி அது. போடச் சொல்லிவிட்டு, கிறேஸ் கணினியை மூடித் தாயைச் சுவர்ப்பக்கம் புரட்டினாள். முதுகில் புதிதாக ஒரு புண் சிவந்திருந்தது. மருந்துப் போத்தலைத் தேடினாள். பாடசாலைக் கொப்பிகள் திருத்தாமல் அடுக்கிலேயே இருந்தன. விடியப் பஸ் பிடிக்க வேண்டும்.